உட்கருமணியும் என் கட்டைவிரலும்

வெண்டைச் செடியில் இலை நரம்பெல்லாம் மஞ்சளாக ஓட ஆரம்பித்தால் என் நைனா அதை வேரோடு பிடுங்கி வரப்பில் வீசிவிடுவார். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் வீசியதை நான் போய்ப் பொறுக்கி, வேரில் ஈரச் சாக்கைச் சுற்றி, கட்டைப்பையில் வைத்து ரயிலேற்றிக்கொண்டு போவேன். இரண்டாயிரங்களின் நடுவில் மூன்று வருஷம் இதுதான் என் பிழைப்பு. பொண்ணு டாக்டருக்குப் படிக்கிறாள் என்று நைனா ஊரில் சொல்லிவைத்திருந்ததால், சுளுக்குக்கும் சளிக்கும் மருந்து கேட்டு வந்தவர்களும் உண்டு. இது பிஎச்.டி. டாக்டர், செடிக்குத்தான் பார்க்கிறேன், அதுவும் இன்னும் குணமாக்கத் தெரியாது என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

வீடு கடம்பத்தூர் பக்கம். நெல் வயலும் கிணற்றோரமாக அரை ஏக்கர் வெண்டையும். நான் வேலை செய்த லேப் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், காய்கறி விதை விற்கும் ஒரு கம்பெனிக்குச் சொந்தமானது. ஒரு பக்கம் இரும்புக் கம்பி ஆலை, மறு பக்கம் பிளாஸ்டிக் குடம் செய்கிற பட்டறை, நடுவில் ஏ.சி. போட்ட நாலு அறைகளில் நாங்கள் வைரஸைத் தேடிக்கொண்டிருந்தோம். காலையில் அரக்கோணம் லைனில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறுவேன். பெண்கள் பெட்டியில் என் பையைப் பார்த்து யாராவது ஒருத்தர் கட்டாயம் கேட்பார்.

“இன்னாமா, வெண்டக்காவா? கிலோ எவ்ளோ?”

“விக்கிறதுக்கு இல்லக்கா. சீக்கு வந்த செடி.”

“சீக்கு வந்தத தூக்கிக்கினு எங்க போற?”

“அதத்தான் படிக்கிறேன்.”

கேட்ட அம்மாள் சாப்பாட்டுக் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தள்ளி உட்காருவாள். மனுஷருக்கு ஒட்டாது, வெண்டைக்கு மட்டும்தான் என்று முதல் வருஷம் ஆள் ஆளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்கினால் நின்றுகொண்டு போக வேண்டியிருந்தது, விளக்காவிட்டால் கால் நீட்டி உட்கார இடம் கிடைத்தது. இரண்டாம் வருஷத்திலிருந்து வாயைத் திறக்கவில்லை.

என் ஆராய்ச்சி இதுதான். செடியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உட்கரு என்று ஓர் உருண்டை இருக்கிறது. அந்த உருண்டைக்குள் இன்னும் பொடியாகச் சில உருண்டைகள். அவற்றுக்குச் சுவரும் கிடையாது, தோலும் கிடையாது. ஒரே வேலையைச் செய்கிற புரதங்கள் ஓரிடத்தில் கூடி நிற்பதுதான் அந்த உருண்டை. அதில் பெரியதுக்கு உட்கருமணி என்று பெயர். செல்லுக்கு வேண்டிய புரதங்களைச் செய்து கொடுக்கிற கருவிகள் அங்கேதான் தயாராகின்றன. வெள்ளை ஈ வந்து இலைச்சாறை உறிஞ்சும்போது வைரஸ் செடிக்குள் இறங்குகிறது, இறங்கி நேராக உட்கருவுக்குப் போகிறது. அதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும். உள்ளே போனபின் எங்கே உட்காருகிறது, அந்த மணிக்குள்ளும் நுழைகிறதா என்பது என் கேள்வி. வேறு சில செடி வைரஸ்கள் இந்தப் பொடி உருண்டைகளைத் தங்கள் காரியத்துக்கு வளைத்துக்கொள்வதாக அப்போதுதான் வெளிநாடுகளில் பேச ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் வெண்டை வைரஸைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெண்டைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த நைனாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். மடை திருப்பிக்கொண்டே கேட்டார்.

“அதாவது, சோறு துண்ண வந்தவன் கூடத்துல குந்தாம சமையக்கட்டு வரைக்கும் போறானான்னு பாக்குற.”

“ஆமா நைனா.”

“சமையல் அங்கதான நடக்குது? போவாம இன்னா பண்ணுவான்? இத பாக்க மூணு வருஷமா?”

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். கையிலிருந்த மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு விடுவிடுவென்று வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்து உட்கார்ந்து யோசித்தால், மூன்று வருஷத்தில் யாரும் என் ஆராய்ச்சியை இத்தனை சுருக்கமாகச் சொன்னதில்லை என்று தெரிந்தது. அதை அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

போகிறான் என்று வாயால் சொன்னால் போதாது, கண்ணால் காட்ட வேண்டும். அதற்கு ஒரு வழி இருந்தது. வைரஸின் மேலுறைப் புரதத்தோடு ஜெல்லிமீனிலிருந்து வந்த ஒளிரும் புரதம் ஒன்றை வால் மாதிரி ஒட்டிவிட வேண்டும். அப்படி ஒட்டிய புரதத்தைச் செய்கிற மரபணுவை, புகையிலைச் சாதிச் செடி ஒன்றின் இலைக்குள், ஊசியில்லாத சிரிஞ்சால் அடிப்பக்கமாக அழுத்தி ஏற்ற வேண்டும். மூன்றாம் நாள் இலையைக் கிள்ளி, நீல வெளிச்சம் பாய்ச்சுகிற மைக்ராஸ்கோப்பில் வைத்தால், அந்தப் புரதம் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறதோ அங்கே பச்சையாக எரியும். கூடவே, வெறும் தண்ணீர் மட்டும் ஏற்றிய இலை ஒன்றையும் பார்க்க வேண்டும். அது இருட்டாக இருக்க வேண்டும். அது இருட்டாக இல்லாவிட்டால் முதல் இலையில் பார்த்த பச்சைக்குக் காலணா மதிப்பில்லை.

சொல்வதற்கு நாலு வரி. அந்த வாலை ஒட்டவைக்க எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. ஒட்டும், பிய்ந்துகொள்ளும். ஒட்டும், தலைகீழாக ஒட்டும். நாங்கள் சார் என்று கூப்பிடும் என் வழிகாட்டிப் பேராசிரியர் பொறுமைசாலி. ஆனால் அவருக்கும் மேலே ஒரு கமிட்டி இருந்தது. ஆயுத பூஜை நெருங்குகிற சமயத்தில் என்னைக் கூப்பிட்டார்.

“பூஜை லீவ் முடிஞ்சு அடுத்த திங்கக்கிழமை கமிட்டி. அன்னிக்கு உட்கருமணிக்குள்ள பச்சை காட்டினா தொடரலாம். காட்ட முடியலன்னா இந்த டாபிக்க மூடிடலாம்மா. விதை ரகங்கள ஒப்பிடுற வேலை ஒண்ணு இருக்கு, அதுக்கு மாத்திடறேன். எனக்கும் வேற வழி இல்ல.”

மாற்றிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மூன்று வருஷ ரயிலும், ஈரச் சாக்கும், பிய்ந்து பிய்ந்து ஒட்டிய வாலும் ஒன்றுமில்லாமல் போகும். விதை ரகம் ஒப்பிடுவது கேவலமான வேலை இல்லை. ஆனால் என் கேள்வி அது இல்லை. அன்று ரயிலில் கடம்பத்தூர் வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தேன், அழுவதை யாரும் பார்க்கக் கூடாது என்று.

மைக்ராஸ்கோப்பைப் பற்றிச் சொல்லும்போது அக்காவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. அந்த நீல வெளிச்ச மைக்ராஸ்கோப் தனி அறையில் இருந்தது. அந்த அறைக்கும் மெஷினுக்கும் அவர்தான் பொறுப்பு. பழவேற்காட்டு முஸ்லிம் குடும்பம். வீட்டில் எல்லாரும் துணி வியாபாரம். இவர் மட்டும் பௌதிகம் படித்துவிட்டு லென்ஸ் பக்கம் வந்துவிட்டார். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன். தினமும் பொன்னேரி வழியாக பஸ் மாறி வருவார். ஒளிரும் புரதம் ஜெல்லிமீனுடையது என்று நான் முதலில் சொன்னபோது அவர் முகத்தைச் சுளித்தார்.

“அத எங்க ஊர்ல சொறின்னு சொல்வாங்க. மேல பட்டா நாள் பூரா சொறிஞ்சிக்கினே கெடக்கணும். அதப்போய் வெண்டக்கா வைரஸுக்கு வால் கட்டி உடறியே, இன்னா படிப்புமா இது?”

ஆனால் மெஷின் விஷயத்தில் விளையாட்டே கிடையாது. செருப்பை வெளியே விட வேண்டும். லென்ஸை அவர்தான் துடைப்பார். பல்பு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று நோட்டில் எழுதிவைப்பார். அவர் இல்லாதபோது கதவு பூட்டியிருக்கும்.

அந்த வருஷம் ஆயுத பூஜை நோன்பு மாதத்தில் வந்தது. தொழிற்பேட்டையில் ஆயுத பூஜை என்றால் சாதாரணமில்லை. ஒவ்வொரு கேட்டிலும் வாழைக்கன்று, சாலையில் அடி எடுத்துவைக்க முடியாதபடி உடைத்த பூசணிக்காய், டயருக்கு டயர் எலுமிச்சம்பழம். லீவுக்கு முந்தின நாளான திங்கட்கிழமையே எல்லா இடத்திலும் பூஜை முடித்துவிடுவார்கள். எங்கள் லேப்பிலும் குளிர்பதனப் பெட்டிக்குப் பட்டை, சுழற்றும் மெஷினுக்குப் பொட்டு, தராசுக்கு மாலை. பூசாரி வேலை பார்த்தது கணக்குப் பிரிவு ஆள். தட்டோடு மைக்ராஸ்கோப் அறைக்கு வந்தபோது அக்கா வாசலை மறித்து நின்றார்.

“எதுக்கு வேணா வச்சிக்குங்க. இதுல ஒரு பொட்டு வச்சீங்கன்னா நான் பஸ் ஏறிடுவேன். லென்ஸ் மேல தூசு பட்டாலே எனக்கு வயித்த கலக்கும், இதுல சந்தனம் வேற.”

மேஜைக் காலுக்கு ஒரு சரம் பூ கட்டிக்கொள்ள அனுமதி கொடுத்தார். பொரி கடலைப் பொட்டலத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் நோன்பு திறக்கும்போது சாப்பிடுகிறேன் என்றார்.

நான் அப்படியொன்றும் பக்தி கொண்டவள் இல்லை. பரீட்சைக்குப் பரீட்சை சாமி கும்பிடுகிற ரகம். ஆனால் அன்று காலையில்தான் ஒரு புகையிலைச் செடியில் மரபணுவையும் இன்னொன்றில் வெறும் தண்ணீரையும் ஏற்றியிருந்தேன். வியாழக்கிழமை அந்த மெஷின்தான் என் தலையெழுத்தைச் சொல்லப்போகிறது. தராசுக்கு மாலை, குளிர்பதனப் பெட்டிக்குப் பட்டை, என் வாழ்க்கையையே பார்க்கப்போகிற மெஷினுக்கு ஒன்றும் இல்லை என்றால் மனசு கேட்கவில்லை. மெஷினுக்குத்தானே வைக்கக் கூடாது? என் மேஜையில் கவர் ஸ்லிப் டப்பா இருந்தது. இலைத் துண்டின் மேல் மூடுகிற, நகம் மாதிரி மெல்லிய கண்ணாடிச் சில்லுகள் அடுக்கிய சின்ன பிளாஸ்டிக் டப்பா. ஒவ்வொரு இலையும் அந்தச் சில்லுக்கு அடியில் போய்த்தான் மெஷினுக்குள் போக வேண்டும். நல்ல கெட்டி மஞ்சளாகக் குழைத்து டப்பா மூடியில் மூன்று பட்டை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். அக்கா பேச்சையும் மீறவில்லை, சாமிக்கும் குறை வைக்கவில்லை என்று எனக்கு ஒரே பெருமை.

பூஜையில் வைத்த பொட்டை யாரும் துடைக்கமாட்டார்கள். அது தானாகத்தான் போக வேண்டும். பஸ்ஸிலும் லாரியிலும் தீபாவளி வரைக்கும் இருக்கும். என் டப்பாவிலும் இருந்தது.

வியாழக்கிழமை காலை லேப்புக்கு முதல் ஆளாக வந்தேன். வைரஸ் புரதம் ஏற்றிய இலையைக் கிள்ளி, கிளிசரின் சொட்டு விட்டு, சில்லை மூடி, அக்காவிடம் கொடுத்தேன். அவர் மெஷினில் பொருத்திவிட்டு எழுந்து எனக்கு நாற்காலியைக் கொடுத்தார். கண்ணை வைத்தேன். பச்சை. உட்கரு முழுக்கப் பச்சை, நடுவில் மணி இன்னும் பளிச்சென்று பச்சை, சுற்றிலும்கூட மினுமினுவென்று பச்சை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவைக் கட்டிப்பிடித்ததில் அவர் கண்ணாடி கழன்று விழுந்தது. “இரு, இன்னொரு இல பாக்கலியே?” என்று அவர் கேட்டது காதிலேயே விழவில்லை. ஓடிப்போய் சாருக்கு போன் செய்தேன். சார் சந்தோஷத்தில் கமிட்டி ஆட்கள் இரண்டு பேருக்கு உடனே போன் செய்துவிட்டார். ஊரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடைக்கு போன் போட்டு நைனாவைக் கூப்பிடச் சொன்னேன்.

“போறான் நைனா. சமையக்கட்டு வரைக்கும் போறான்.”

“யாரு?” என்றார் நைனா. பிறகு புரிந்துகொண்டு, “நான் அப்பவே சொல்லல?” என்றார்.

எல்லாருக்கும் மைசூர் பாகு வாங்கிக் கொடுத்தேன். அக்காவுக்கு இரண்டு துண்டைக் காகிதத்தில் மடித்து வைத்தேன். பதினொரு மணிக்கு ஆற அமர வந்து, முறைக்குப் பார்க்க வேண்டுமே என்று தண்ணீர் ஏற்றிய இலையை வைத்துப் பார்த்தேன்.

அதுவும் பச்சை.

இன்னொரு துண்டு கிள்ளி வைத்தேன். பச்சை. ஒன்றுமே ஏற்றாத செடியிலிருந்து கிள்ளினேன். அதுவும் பச்சை. செல் சுவரெல்லாம் பச்சை, ஓரமெல்லாம் பச்சை. சந்தேகம் தாங்காமல் ஜன்னல் பக்கம் தொட்டியிலிருந்த துளசி இலையை வைத்தேன். துளசியும் வெண்டை வைரஸ் மாதிரி ஜொலித்தது. வாயிலிருந்த மைசூர் பாகை விழுங்க முடியவில்லை.

பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். அன்று அது அக்காமேல் வந்தது. “உங்க மெஷின் கெட்டுப்போச்சுக்கா. ஃபில்டர் போயிடுச்சு. தொடாத தொடாதன்னு பூட்டிப் பூட்டி வச்சீங்களே, உள்ள இன்னா ஆச்சுன்னு ஒருநாளாவது பாத்தீங்களா? மூணு வருஷ வேல. உங்களுக்கு இன்னா, அஞ்சு மணிக்கு பஸ் ஏறிடுவீங்க.” நாலு பேர் காதில் விழும்படிதான் கத்தினேன். இன்றைக்கு எழுதும்போதுகூடக் கூச்சமாக இருக்கிறது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத மனுஷியிடம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி பேசிவிட்டேன்.

அக்கா நோட்டை எடுத்துத் தேதி எழுதினார். வெறும் கண்ணாடித் தகட்டை மெஷினில் வைத்தார்.

“இன்னா தெரியுது?”

“இருட்டு.”

அதன்மேல் கிளிசரின் சொட்டு விட்டார். இருட்டு. தன் டிராயரிலிருந்த புது டப்பாவிலிருந்து இடுக்கியால் ஒரு சில்லை எடுத்து மூடினார். இருட்டு. ஒன்றும் ஏற்றாத செடியின் இலையை அவரே கிள்ளி, அவரே மூடி வைத்தார். அதுவும் இருட்டு. எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

“இப்ப நீ வையி. தெனம் எப்பிடி வைப்பியோ அப்பிடி.”

நான் என் டப்பாவைக் கட்டைவிரலால் நெம்பித் திறந்தேன். இடுக்கியெல்லாம் எடுக்க எனக்குப் பொறுமை ஏது? விரலாலேயே சில்லை எடுத்து மூடினேன். அக்கா கண்ணை வைத்தார். உடனே எடுத்துவிட்டார்.

“கைய காட்டு.”

“எதுக்கு?”

“காட்டுமா.”

என் மணிக்கட்டைப் பிடித்து, தட்டை இறக்கி, சின்ன லென்ஸுக்கு அடியில் என் கட்டைவிரலையே வைத்துவிட்டார். எட்டிக் குனிந்து பார்த்தேன். நீல வெளிச்சத்தில் என் விரல் ரேகை ஒவ்வொன்றும் பச்சை மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. நகக்கண்ணில் மட்டும் ஒரு குட்டித் திருவிழா நடந்தது.

“இன்னா தடவின?”

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். மூன்று பட்டையில் ஒன்றரைப் பட்டைதான் பாக்கி இருந்தது. மிச்சம் என் விரல் வழியாக ஒவ்வொரு சில்லுக்கும், ஒவ்வொரு இலைக்கும் போயிருந்தது. மஞ்சள் நீல வெளிச்சத்தில் ஒளிரும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. எம்.எஸ்ஸி. பரீட்சையில் அரைப் பக்கம் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

“மெஷினுக்கு வைக்காதன்னேன். நீ கண்ணாடிக்கு வச்சிட்டியா?” என்றார் அக்கா. அப்புறம் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, அசடும் வழிந்தது.

“மன்னிச்சிடுங்கக்கா. நான் பேசினது ரொம்பத் தப்பு.”

“நோம்புல கோவப்படக் கூடாதுன்னு வாய மூடிக்கினு இருந்தேன். பெருநாள் முடியட்டும், ஒரு நாள் ஊட்டுக்கு வா. பிரியாணி போட்டு, ஒக்கார வச்சி திட்றேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு காலண்டரைப் பார்த்தார். “இன்னிக்கே ஏத்தினா மூணாம் நாளு ஞாயித்துக்கெழம. திங்கக்கெழம கமிட்டி. செடி இருக்கா?”

பதமான வயசில் இரண்டே செடி மிச்சமிருந்தது. முற்றினாலும் ஏறாது, பிஞ்சானாலும் தாங்காது. அது போனால் அடுத்த செடி வளர இன்னும் ஒரு மாதம், அதற்குள் கமிட்டி முடிந்திருக்கும். கையைச் சோப்புப் போட்டு ஏழெட்டு முறை கழுவினேன். அக்கா ஒவ்வொரு முறையும் விரலை மெஷினில் வைத்துப் பார்த்து, “இன்னும் எரியுது, போ” என்று திருப்பி அனுப்பினார். கடைசியில் இரண்டு உறை போட்டுக்கொண்டு ஏற்றினேன். ஒன்றில் வைரஸ் புரதம், இன்னொன்றில் வெறும் தண்ணீர்.

சாரிடம் சொல்லப் போவதற்குத்தான் கால் வரவில்லை. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், பொய் சொல்லமாட்டேன். காலையில் எடுத்த படம் கைவசம் இருந்தது. அழகான படம். மணி பளிச்சென்று தெரிந்தது. இன்னொரு இலையைப் பற்றி யாரும் கேட்காவிட்டால் அது பாட்டுக்குப் போய்விடும். ஆனால் துளசி இலை ஜொலித்ததை என் கண் பார்த்துவிட்டதே. பார்த்தபின் அந்தப் படத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. போய்ச் சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“மஞ்சளா?”

“ஆமா சார்.”

“நான் ரெண்டு பேருக்கு போன் பண்ணிட்டனே.” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “சரி, திரும்பவும் பண்றேன். ஞாயித்துக்கிழமை என்ன வருதோ அதத்தான் திங்கக்கிழமை காட்டணும். வரலன்னா வரலன்னு சொல்லிடுவோம். அப்புறம் நான் சொன்னதுதான், டாபிக்க மாத்திடணும்.” நான் கதவு வரை போனபின் கூப்பிட்டார். “அந்த மஞ்சள் எந்தக் கடைன்னு கேட்டு வையிம்மா. கலப்படம் இல்லாத மஞ்சள் இப்பல்லாம் கிடைக்கறதில்ல.”

மூன்று நாள் எப்படிப் போயிற்று என்று தெரியாது. நைனாவிடம், போறானா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை என்று மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. அவர் ஏன் என்று கேட்டார். சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குப் புரையேறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைச்சல். நான் பத்து மணிக்குக் கும்மிடிப்பூண்டியில் இறங்கி, ஆளில்லாத தொழிற்பேட்டைச் சாலையில் நடந்து போனேன். இரும்பு ஆலைகூட அன்று சத்தமில்லாமல் இருந்தது. லேப் படிக்கட்டில் அக்கா உட்கார்ந்திருந்தார். லீவு நாளில், நோன்போடு, இரண்டு பஸ் மாறி எனக்கு முன்னால் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சாவியை எடுத்தார்.

“கைய காட்டு மொதல்ல.”

காட்டினேன். உறை போட்டேன். இடுக்கி எடுத்தேன். புது டப்பா. வைரஸ் புரதம் ஏற்றிய இலையை வைத்தேன். அக்கா பொருத்திவிட்டு நகர்ந்தார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகப் பழக, இருட்டில் ஒரு மங்கலான வட்டம் தெரிந்தது. உட்கரு. அதற்குள் ஒரு பக்கமாக, கடுகை விடப் பொடியாக ஒரு பச்சை மணி. தகட்டை மெல்ல நகர்த்தினேன். அடுத்த செல்லில் இல்லை. அதற்கடுத்ததில் இருந்தது. இன்னும் நாலு தள்ளி ஒன்று. வியாழக்கிழமை பார்த்த ஜொலிப்பு எதுவும் இல்லை. ஆனால் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே மட்டும் இருந்தது, மணிக்குள் மட்டும். சந்தோஷப்படப் பயமாக இருந்தது. போன தடவை இந்த இடத்தில்தான் மைசூர் பாகு வாங்க ஓடினேன்.

“இருக்குதா?” என்றார் அக்கா.

“இருக்குக்கா.”

“அடுத்தத வையி.”

தண்ணீர் ஏற்றிய இலையை வைத்தேன். சில்லு ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு இன்னொன்று மூடினேன். அக்கா பொருத்தினார். நான் உட்கார்ந்தேன், கண்ணை மூடிக்கொண்டே குனிந்தேன், பிறகு திறந்தேன்.

இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நகர்த்தினேன். மேலே கொண்டுபோனேன், கீழே கொண்டுவந்தேன். குவியத்தைத் திருகித் திருகிப் பார்த்தேன். பல்பு அணைந்துவிட்டதோ என்று தலையை நிமிர்த்தி மெஷினைப் பார்த்தேன். நீல வெளிச்சம் எரிந்துகொண்டுதான் இருந்தது. மறுபடி குனிந்தேன். அதற்குமேல் பார்க்க முடியவில்லை, கண்ணீர் மறைத்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினேன்.

அக்கா பதறிப்போய் என் தோளைப் பிடித்தார். “இன்னாமா? திரும்பவும் எரியுதா?”

“இல்லக்கா. ஒண்ணுமே இல்ல.”

என்னை நகர்த்திவிட்டு அவர் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குனிந்தார். நான் பார்த்த மாதிரியே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, அவசரமில்லாமல், வெகு நேரம் பார்த்தார்.

“ஆமா,” என்றார் கடைசியில். “நல்ல இருட்டா கீது.”